கரன்ட்டின் மேல் பழி

"அந்தப் பெட்டியை நிறுத்திடுங்க டாக்டர். என் பொண்டாட்டியைப் பழையபடி ஆக்கிக் குடுங்க" என்றான் கணவன், ரிப்பேருக்கு விட்ட ஃபேனைத் திருப்பிக் கேட்பவன் போல.

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவியான தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு அவளுக்கு. கடைசியில் மூளையின் ஆழத்தில் இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துத் தைத்தார்கள். அது அனுப்பும் கரன்ட்டில் வலிப்பு முழுசாக ஓடிவிடவில்லை. ஆனால் முன்பு வாரம் தவறாமல் வந்தது, இப்போது எப்போதாவது தலைகாட்டுவதோடு சரி. கத்தரிக்கோலைப் பயமில்லாமல் கையில் எடுக்கிறாள். இதைவிட என்ன வேண்டும்?

கணவனுக்குத்தான் வயிற்றெரிச்சல். முன்பெல்லாம் வலிப்பு தெளிந்து எழுந்தால் அதற்கு முன் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது. அவன் சொன்னதுதான் நடந்தது. என் அம்மாவைத் திட்டினாய் என்பான், மன்னிப்புக் கேட்பாள். வளையலை என் தங்கைக்குக் கொடுக்கச் சொன்னாய் என்பான், தலையாட்டுவாள். போன வாரமும் அதே பாட்டைப் பாடினான். அவளுடைய தையல் மெஷினைத் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு வந்து, நீதான் கொடுக்கச் சொன்னாய், வலிப்பில் மறந்துவிட்டாய் என்றான். அன்றைக்கு அவளுக்கு வலிப்பே வரவில்லை. கடைசியாகக் காலர் வைத்த சட்டையின் நூல் நிறம்கூட நினைவிருந்தது. வீடு ரணகளமானது. கரன்ட்டுதான் அவளைச் சண்டைக்காரி ஆக்கிவிட்டது என்று டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டான்.

கரன்ட்டால் சிலருக்கு எரிச்சல் வருவது உண்டு, மறுக்க மாட்டேன் என்றார் டாக்டரம்மா. சோதித்துப் பார்க்கலாம்; கொஞ்ச நேரம் நிறுத்துவேன், எப்போது என்று இருவருக்கும் சொல்ல மாட்டேன், சம்மதமா என்று தையல்காரியைக் கேட்டார்.

இதில் தோற்றால் அவன் பெட்டியை ஒரேயடியாக நிறுத்த வைத்துவிடுவான். அப்புறம் பழையபடி அவன் சொல்வதுதான் நடந்ததாகிவிடும்.

"செய்யுங்க" என்றாள்.

டாக்டரம்மா பெட்டியை வெளியிலிருந்து இயக்கும் கைக்கருவியில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பேசுங்கள் என்றார்.

"என் மெஷினைத் தூக்கிக் குடுத்துட்டு, நான் சொன்னேன்னு என்கிட்டயே சொல்றீங்களே, நாக்கு கூசல?"

"பாத்தீங்களா டாக்டர், எப்படிப் பாயுறா? இது இவ பேசல, கரன்ட்டு பேசுது."

அவள் விடவில்லை. வளையலை இழுத்தாள், மாமியாரை இழுத்தாள், இத்தனை காலம் கேட்ட மன்னிப்பையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கேட்டாள். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். டாக்டரம்மா மறுபடி கருவியைத் தட்டினார். தொண்டை வறண்ட தையல்காரி தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கணவன் முகம் மலர்ந்தது. "இப்ப நிறுத்திட்டீங்கல்ல? பாருங்க, பசு மாதிரி உக்காந்திருக்கா. இப்படியே விட்டுடுங்க டாக்டர்."

"இப்ப ஓடிட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா. "உங்களைக் கிழிச்சாங்களே, அப்பதான் நிறுத்தி வச்சிருந்தேன்."



ஒரு சோதனையில் எல்லாம் முடிந்துவிடாது, தொடர்ந்து கவனிப்பேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியை என்ன செய்ய என்று டாக்டரம்மா அவளிடம் மட்டும் கேட்டார்.

"ஓடட்டும்."

வெளியே வந்ததும் அவன் அவள் முழங்கையை இறுக்கினான். "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

கையை உதறினாள். "பேசுங்க. கரன்ட்டு இருக்கா இல்லையான்னு பாக்காமப் பேசுங்க. நான் பதில் சொல்றேன்."

லிஃப்ட் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.