சீவர்ட்டை உச்சிக்கு ஏற்றும் கதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் மனைவி கொடுத்த வேலை. மலையிலிருந்து திரும்பி வந்த வாரம், கூரோ அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டே கேட்டாள்.

“நீ எழுத்தாளன்தானே? ஒரு உபகாரம் பண்ணு. சீவர்ட்ட மேல ஏத்திவிடு.”

“எங்க மேல?”

“உச்சிக்குத்தான். நெஜத்துல முடியல. கதையிலயாவது ஏறட்டும், பாவம்.”

சரி என்று உட்கார்ந்தேன். இதென்ன பெரிய வித்தை, ஒரு வாக்கியம் போதாதா? ‘சீவர்ட் உச்சியை அடைந்தான்.’ எழுதினேன். அடைந்துவிட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் என்ன வரவேண்டும் என்பதுதான் பனி உருகி, மரம் துளிர்த்த பிறகும் என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறது.

2

முதல் தொடக்கம்:

‘பனி பெய்துகொண்டிருந்தது. வெள்ளைப் போர்வை போர்த்திய மலைகள்’

[இங்கேயே நிறுத்திவிட்டேன். நார்வேயில் பிப்ரவரி மாதத்தில் பனி பெய்தது என்று எழுதுவதும், சென்னையில் மே மாதம் வெயில் அடித்தது என்று எழுதுவதும் ஒன்றுதான். அந்தப் போர்வையை வேறு யாராவது போர்த்திக்கொள்ளட்டும்.]

இரண்டாம் தொடக்கம்:

‘சீவர்ட் ஒரு மாவீரன்’

[காதில் விழுந்தால் பனிச்சறுக்குக் கம்பால் அடிப்பான்.]

மூன்றாம் தொடக்கம், இப்போதைக்கு இதுதான்: நாங்கள் நான்கு பேர். கூரோ, அவளுடன் கல்லூரியில் படித்த சீவர்ட், ஓட்னி, பிறகு கல்யாணத்தின் வழியாக உள்ளே வந்த நான். சீவர்ட் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறான். ஓட்னி பல் மருத்துவர். ஒவ்வொரு குளிர்கால விடுமுறையிலும் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்லோவிலிருந்து கிளம்பி, சீவர்ட்டின் மலைக்குடிலுக்குப் போவோம். சனிக்கிழமை காலில் ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டி உச்சிக்கு ஏறுவோம். அங்கே ஒரு கற்குவியல் இருக்கிறது. அதை ஆளுக்கு ஒரு தட்டு, கம்பால். அவ்வளவுதான். இறங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பற்றியே பேசுவோம்.

இந்த வருடம் சீவர்ட்டுக்கு அது கடைசித் தடவை. தசையைத் தின்னும் நோய் ஒன்று அவனுக்குள் புகுந்திருக்கிறது. கையில் ஆரம்பித்து, காலுக்கு வந்துகொண்டிருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் ஸ்கீயில் நிற்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவன் எங்களிடம் சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“இன்னும் ஒரு தடவ அந்தக் கல்லத் தட்டணும். அதுக்கப்புறம் என்ன வேணா ஆகட்டும்.”

3

இப்போது மெழுகு.

ஸ்கீயின் அடியில் மெழுகு பூசுவார்கள். அன்றைய பனிக்குப் பொருத்தமான மெழுகு என்றால் ஏற்றத்தில் கால் பிடிக்கும். பொருந்தாவிட்டால் ஓரடி ஏறினால் அரையடி பின்னால் வழுக்கும். எந்த நிறம் பூசுவது என்பதில் இந்த ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. எங்கள் குடிலில் அந்தச் சண்டையைப் போடுவது சீவர்ட்டும் ஓட்னியும். போன வருடம் நடந்ததைக் கேளுங்கள்.

“நீல மெழுகு,” என்றான் சீவர்ட், கதவைத் திறந்து காற்றை மோந்து பார்த்துவிட்டு.

“ஊதா. ராத்திரி குளிர் கொறஞ்சிருக்கு, மூக்கு செத்துப்போச்சா உனக்கு?”

“பல்லுல சிமெண்ட் பூசுறவளுக்கு மெழுகப் பத்தி என்னடி தெரியும்?”

“உன் பல்லுல பூசினதும் நான்தான், ஞாபகம் வச்சுக்க. அடுத்த தடவ மரத்துப்போற ஊசி கெடையாது.”

இப்படி காப்பி ஆறும்வரை போகும். இந்த வருடம்? சீவர்ட் கதவைத் திறந்தான், மோந்தான், “நீலம்” என்றான். ஓட்னி ஸ்கீயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சரி, நீலம்” என்றாள்.

சீவர்ட் அவளையே பார்த்தான். “என்னடி, சண்டகூட போட மாட்டியா?”

“சரியாத்தான சொல்ற, எதுக்குச் சண்ட?”

அவன் முகம் வாடிவிட்டது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் நீலத்தையே பூசினேன். கூரோவும் பூசினாள். ஊதாதான் சரி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நோயாளியிடம் போய் மெழுகுக்கு மல்லுக்கட்டுவதா என்று ஒரு நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தைப் பூசிக்கொண்டு ஏற்றம் முழுக்க வழுக்கினோம். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.*

* கூரோவின் குறுக்கீடு. இந்தப் பகுதியை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். “வழுக்குனத எல்லாம் எதுக்கு எழுதுற? சீக்கிரம் மேல கூட்டிட்டுப் போ,” என்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாதது சில சமயம் வசதிதான்.

4

பாதி வழியில், மூக்கைத் துடைக்கச் சீவர்ட் தடித்த கையுறை இரண்டையும் கழற்றினான். விரல் பிடிக்கவில்லை. இரண்டும் நழுவின, காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடியது. திரும்பிப் பார்ப்பதற்குள் காணோம்.

ஓட்னி உடனே தன்னுடைய இரண்டையும் கழற்றி அவன் கையில் மாட்டினாள்.

“உனக்கு?”

“பையில இன்னொரு ஜோடி இருக்கு. நீ நட.”

[இங்கே நான் நிறுத்திவிட்டு உங்களிடம் பேச வேண்டும். நம் ஊரில் ஒருவர் ‘எனக்கு இருக்கு, நீ எடுத்துக்கோ’ என்றால் விடுவோமா? ‘எங்க, காட்டு பாக்கலாம்’ என்று பையையே பிடுங்கிப் பார்ப்போம். இங்கே ஒருவர் ‘இருக்கிறது’ என்றால் இருக்கிறது. மறுபடி கேட்டால், உன் பேச்சை நம்பவில்லை என்று அர்த்தம். ஆகவே யாரும் கேட்கவில்லை.]

பையில் எதுவும் இல்லை. அவள் கையில் இருந்தது உள்ளே போடும் மெல்லிய உறை மட்டும்தான். நீல மெழுகின் புண்ணியத்தில் அவள் விழுந்து விழுந்து எழுந்ததில், அதுவும் நனைந்திருந்தது. காற்று எங்கள் முதுகுப்பக்கமிருந்து வந்ததால் அதன் வேகம் எங்களுக்குத் தெரியவில்லை. வானிலை மதியத்துக்கு முன்பே கெடும் என்று கூரோவின் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. அவளும் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். எல்லாம் சீவர்ட்டுக்காக.

சீவர்ட் எப்படி ஏறினான் தெரியுமா? அதை எழுத எனக்கு வந்த வார்த்தைகள்: ‘அவன் கால்கள் ஒவ்வொரு...’ ‘வலியை வென்ற...’ ‘பார்க்கப் பார்க்க...’

[மூன்றுமே சரியில்லை. சாதாரணமாகச் சொல்கிறேன்.] இடது காலை அவனால் தூக்க முடியவில்லை. இழுத்தான். இழுத்து வைத்துவிட்டு, அந்தக் காலைப் பார்த்து, “வாடா ராஜா, வா, இன்னும் கொஞ்சம்தான்,” என்று கொஞ்சினான். வழி முழுக்க அதோடு பேசிக்கொண்டே வந்தான். பின்னால் நடந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்படி ஒருத்தன் எனக்கு நண்பன் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

5

உச்சிக்குக் கீழே ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் மறைவில் உட்கார்ந்து ஆரஞ்சு சாப்பிட்டுவிட்டுத்தான் கடைசி ஏற்றம். புயலடித்தாலும் இதில் மாற்றமில்லை. ஆரஞ்சை உரிப்பது ஓட்னியின் உரிமை. தோல் எங்கும் அறாமல் ஒரே சுருளாக உரித்து, சீவர்ட்டின் தொப்பியில் சுற்றிவிடுவாள். ‘முடிசூட்டு விழா’ என்று அதற்குப் பெயர். பல்லைப் பிடுங்கும் கைக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று பீற்றிக்கொள்வாள்.

பாறைக்கு வந்துவிட்டோம். மேலே கற்குவியல் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். சீவர்ட் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஓட்னி பையிலிருந்து ஆரஞ்சை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி எடுத்தாள். அதைக் கூரோவிடம் நீட்டினாள்.

“இன்னிக்கு நீ உரி.”

இங்கேதான் கதை நிற்கிறது. இதுவரை எழுதியது முழுக்க நடந்தது. இனி நான் அவனை மேலே கொண்டுபோக வேண்டும்.

முடிவு அ: சீவர்ட்டும் நானும் மேலே போகிறோம், பெண்கள் இறங்குகிறார்கள். அவன் கல்லைத் தட்டுகிறான். ஓட்னிக்குக் குளிரில் உறைந்து விரல் நுனிகள் போய்விடுகின்றன. [கிழித்துவிட்டேன்.]

முடிவு ஆ: மேகம் விலகி, சூரியன் [கிழிக்கவும் தகுதியில்லை.]

முடிவு இ: ஓட்னியின் பையில் உண்மையிலேயே இன்னொரு ஜோடி இருந்தது. விரல்கள் நன்றாக இருக்கின்றன. ஒரே சுருளாக உரிக்கிறாள், முடிசூட்டுகிறாள். நான்கு பேரும் ஏறி, நான்கு தட்டு. ஒரு ஜோடி கையுறைதானே, எழுதுகிறவன் பையில் போட்டால் இருந்துவிட்டுப் போகிறது! கூரோ இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதான், இதான்,” என்றாள். “கொண்டுபோய் அவனுக்குப் படிச்சுக் காட்டு.”

6

நடந்தது இது.

கூரோ ஆரஞ்சை வாங்கும் முன்பே சீவர்ட் எழுந்துவிட்டான். ஓட்னியின் உறையை உருவினான். விரல்கள் மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தன. அவன் கற்குவியலை ஒரு தரம் பார்த்தான். ஒரே ஒரு தரம். அப்புறம் தன் மேலங்கியைத் திறந்து, ஸ்வெட்டரை, உள்சட்டையை எல்லாம் தூக்கி, அவள் இரண்டு கையையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டான்.

“ஐயோ! அம்மாடி! செத்த மீன் மாதிரி இருக்குடி!”

“விடுடா,” என்றாள் ஓட்னி. “இன்னும் அவ்ளோதான இருக்கு. நீ போயிட்டு வா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

“நீ வெரலில்லாம உக்காந்துட்டா, ஊர்ல யாரு பல்லு புடுங்குறது? பேசாம இரு.”

“சீவர்ட், இதுதான் கடைசி...”

“எனக்குத் தெரியாதா?”

ஓட்னி அழுதாள். அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். அவன் அசையவில்லை. நடக்கவே தடுமாறுகிறவன் காற்றுக்கு முதுகைக் கொடுத்து அவளுக்குச் சுவராக நின்றான். விரல்களில் ரத்தம் திரும்பி அவள் வலியில் கத்தியபோது, “வந்துடுச்சு! கத்துடி, நல்லா கத்து!” என்று சிரித்தான். நனைந்த உறையை வீசிவிட்டுத் தன் காய்ந்த உள் உறையை அவளுக்குப் போட்டான். மேலே அவளுடைய தடித்த கையுறைகளைத் திருப்பி மாட்டினான். தன் கைக்கு என்னுடைய பையிலிருந்த மாற்றுக் காலுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டான். ஸ்கீயைக் கீழ்ப்பக்கம் திருப்பினான். இறங்கும்போது முன்னால் போனது அவன்தான். அப்புறம் அவன் ஒரு தடவைகூட மேலே திரும்பிப் பார்க்கவில்லை.

7

முடிவு இ-யை எடுத்துக்கொண்டு வசந்தத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். ஒவ்வொரு வரியாக அவன் மொழிக்கு மாற்றிச் சொன்னேன். கல்லைத் தட்டும் இடத்தில் குரலைக் கொஞ்சம் ஏற்றினேன், வெட்கமில்லாமல்.

“நல்லா இருக்கு,” என்றான். “ஆமா, இதுல ஆரஞ்ச யார் உரிச்சா?”

“ஓட்னிதான். அவ வெரலுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே.”

“அப்போ என் வயித்துல யாரும் கை வைக்கல.”

“தேவைப்படல.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “பரிதி, இந்த வருசம் பூரா எல்லாரும் எனக்குத்தான் செஞ்சீங்க. கையுறையக் குடுத்தீங்க, வாயப் பொத்திட்டு வழுக்குனீங்க. ஊதான்னு எனக்கும் தெரியும்டா, சும்மா சொல்லிப் பாத்தேன், எவளாவது சண்டைக்கு வருவாளான்னு. அன்னிக்கு ஒரே ஒரு தடவ நான் ஒருத்திக்குச் செஞ்சேன். அதையும் புடுங்கிக்கிறியே?”

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

8

கூரோ எதிரே உட்கார்ந்திருக்கிறாள். “ஏத்திட்டியா?” என்று கேட்கிறாள். அவள் ஆசைப்படுவதில் தப்பில்லை, அவன் கேட்பதிலும் தப்பில்லை. இரண்டு பேரில் யாரிடம் ‘முடியாது’ சொல்வது? எனக்குத் திராணி இல்லை. ஆகவே, ஐயா, அம்மா, உங்களிடம் விட்டுவிடுகிறேன். பாறை மறைவில் நான்கு பேரையும் அப்படியே உட்காரவைத்திருக்கிறேன். மேலே கல் தெரிகிறது. ஏற்றுவதானால் ஓட்னியின் பையில் ஒரு ஜோடி கையுறையைப் போடுங்கள், போதும். இறக்குவதானால் சீவர்ட் ஒன்று சொல்லச் சொன்னான்: ‘செத்த மீன்’ வசனத்தை மட்டும் விட்டுவிடக் கூடாதாம்.

ஓட்னி ஆரஞ்சை எடுத்துவிட்டாள். உங்கள் பக்கம்தான் நீட்டுகிறாள். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.