தலைவர் ஓடிய வெள்ளை ஞாயிறு

நாடக ஒத்திகையில் பிள்ளைகள் “அப்பா ஓடினார்” என்று சொன்னபோதெல்லாம் எங்கள் ஊர்த்தலைவர் துயிலோமாவின் கால்கள் அவரைக் கேட்காமலேயே படகுத்துறைக்கு ஓடின. எங்கள் சவாயித் தீவில் தலைவர்கள் ஓடுவதில்லை. புயல் வந்தாலும் நடந்துதான் ஒதுங்குவார்கள். அப்படி நனைந்து காய்ச்சலில் படுப்பதைக் கௌரவம் என்று வைத்திருக்கிறோம்.

எல்லாம் ஞாயிறுபள்ளி ஆசிரியை மகெரிட்டா ஆரம்பித்து வைத்தது. பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறுக்கு, ஊதாரி மகன் கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி நடியுங்கள் என்றாள். பிள்ளைகள் மகனை ஆக்லாந்துக்கு அனுப்பி, கடனில் கார் வாங்கவைத்து, கோழித் தொழிற்சாலையில் இறகு பிடுங்கவிட்டு, வெறுங்கையோடு விமானத்தில் ஏற்றி, அவனைத் தூரத்தில் கண்டதும் கட்டிக்கொள்ள அப்பாவை ஓடவைத்தார்கள். வீட்டுக்கு வீடு அப்படி ஒருவன் இருப்பதால் ரசித்துச் சிரித்தோம். துயிலோமாவின் மகன் யோசுவா அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதி ஊரே அசையாமல் இருந்தபோது மோட்டார் சைக்கிளில் போனான் என்று ஊர்விலக்கம் செய்யப்பட்டு, இரண்டு வருடமாகக் கடலுக்கு அக்கரையில் தலைநகர் ஆப்பியாவில் இருந்தான். தீர்ப்புச் சொன்னவர் அப்பாவேதான். சட்டம் என்றால் சட்டம் என்று நாங்கள் மெச்சினோம். எங்கள் பிள்ளைகளிடம் மோட்டார் சைக்கிள் இல்லை.

“அந்த வரிய மாத்தும்மா,” என்றார் துயிலோமா, மூச்சிரைக்க.

“வேதத்துல ஓடினார்னுதான் இருக்கு, தலைவரே,” என்றாள் மகெரிட்டா.

“அவருக்கு என்ன, ஊர்ச்சபையா இருந்துச்சு?”

சபை கூடி, அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து மகன் மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருந்தார் என வேதத்தைத் திருத்தினோம். அடுத்த ஒத்திகையில் பிள்ளைகள் அதைச் சொன்னதும் துயிலோமா வீட்டில் பாயோடு ஒட்டிக்கொண்டார். நாலு பேர் இழுத்தும் எழவில்லை. அவர் மனைவி சினா சாப்பாட்டை முன்னால் வைத்தாள்.

“ரெண்டு வருசமா இப்படித்தான உக்காந்திருக்கீங்க. இன்னைக்கு என்ன புதுசா?”

அவர் வாய்விட்டு அழுதார். பழையபடியே சொல்லட்டும் என்று மகெரிட்டாவுக்கு ஆள் அனுப்பினார்.

வெள்ளை ஞாயிறன்று கதையைச் சொல்லவந்த ஒன்பது வயது ஃபெத்து, கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில் “ஓடினார், ஓடினார், ஓடினார்” என்று சொல்லிக்கொண்டே போனாள். தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறைவரை ஓடி, அங்கும் நிற்காமல் கடல்மேல் ஓடினார். வழியில் அக்கரைக்குப் போகும் கப்பலை முந்தியதாகப் பயணிகள் சொன்னார்கள்.

அடுத்த கப்பலில் அப்பனும் மகனும் வந்து இறங்கினார்கள். சபை அவசரமாகக் கூடி, கடல்மேல் ஓடுவதற்கு அபராதம் எதுவும் இல்லை என்று கண்டுபிடித்தது. யோசுவாவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வருடத்தில் வெள்ளை ஞாயிறு ஒருநாள் மட்டும் எங்கள் ஊரில் முதல் பந்தி பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் பரிமாற வேண்டும். முப்பது வயது மகனைப் பிள்ளைகள் வரிசையில் உட்காரவைத்து, துயிலோமா ஈரம் காயாத கால்களோடு குனிந்து அவன் இலையில் பன்றிக்கறி வைத்தார்.

“சாப்பிடுடா,” என்றார்.

நாங்கள் எல்லாரும் பசியோடு எங்கள் பந்திக்காகக் காத்திருந்தோம்.