கடைமடைக்கு வராத தண்ணீர்

அன்று கரைமேல் நின்றவர்கள் நான்கு பேர்: மேல்வயல்காரர் வெண்டெல் தாச்சர், அவர் தங்கை லுரானா, கீழ்வயல்காரர் டொமிங்கோ கொவேயா, அவர் மகள் செலஸ்ட்.

ஆகஸ்ட் பிறந்து சில நாட்கள்தான். பழுக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க, அதற்குள் கொவேயாவின் கிரான்பெர்ரிக் காய்கள் சிவந்துவிட்டன. செலஸ்ட் ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே சதையே இல்லை. பச்சைப் புழுவும் அதன் எச்சமும்தான்.

"பாதி வயல் இப்படித்தான்" என்றாள்.

லுரானா கரையோரத்துப் புளூபெர்ரிப் புதர்களைக் காட்டினாள். "இந்தப் புழுவை இடுற அந்துப்பூச்சிக்கு விருந்து வச்சிருக்கீங்க டொமிங்கோ. அதுக்கு புளூபெர்ரியும் ஒண்ணுதான், கிரான்பெர்ரியும் ஒண்ணுதான். வெட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"எங்கம்மா நட்டது. வெட்டத்தான் கோடாலியோட வந்திருக்கேன். நீங்க ஒப்பாரி வைக்காம இருந்தா சரி."

"வருஷா வருஷம் பழம் திருடினவ நான். நான் அழாம வேற யாரு அழுவா?"

டொமிங்கோ சிரித்தார். வெண்டெலுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வயலுக்கும் நீர் தரும் குளம் தாச்சர் குடும்பத்தின் கையில் இருந்தது. ஏப்ரலில் மேல்வயலில் நீர் தேக்கியதும் மிச்சத்தைக் கீழ்வயலுக்குத் திறந்துவிடுவது முறை. ஒரு மாதம் வயலில் நீர் நின்றால், மண்ணில் உறங்கும் புழுக்கள் செத்துப்போகும். இந்த ஏப்ரலில் மதகு உடைந்து, கீழ்வயலுக்கான நீர் முழுவதும் ஆற்றில் கலந்தது. தாச்சர் மதகு கசியாது என்பது மூன்று தலைமுறைப் பெருமை. "மழை போதல, குளம் வத்திப்போச்சு" என்று டொமிங்கோவிடம் சொல்லிவிட்டு, வெண்டெல் சத்தமில்லாமல் புதுப் பலகை போட்டுவிட்டார்.

முதல் புதர் சாய்ந்தது. கனிந்த பழங்கள் மணலில் உருண்டன. டொமிங்கோ அடுத்த புதரின் அடியில் கோடாலியை ஓங்கினார்.

"டொமிங்கோ, நிறுத்து. குளத்துல தண்ணி இருந்துச்சு."

"அண்ணா!" என்றாள் லுரானா.

"என் மதகு உடைஞ்சு ஆத்துக்குப் போயிருச்சு. உன்கிட்ட பொய் சொன்னேன். வீட்டுப் பேரு கெட்டுடுமேன்னு."

டொமிங்கோ சாய்ந்து கிடந்த புதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு புதர் சாயறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேய்யா."

கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். செலஸ்ட் பின்னால் போனாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தாச்சர் மதகை நீரெலி கடித்துவிட்டது என்று ஊர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள். எந்த எலியும் கடிக்கவில்லை. பலகை மக்கிப்போயிருந்தது. வெண்டெல் அதைப் பார்த்தும் மாற்றாமல் விட்டிருந்தார்.