மூன்றாவது டியூப்

மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான் ரப்பர் எழும்பியது. மேல்சக்கரம் கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுற்றியது, பிறகு தடதடவென்று உதறியது, அப்புறம் பல் வைத்த அலகு நழுவி மூடிக்குள் போய் விழுந்தது. ரெங்கசாமி சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த மரம் அறுக்கும் இயந்திரத்தைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் வாய்க்குள்ளேயே திட்டினார். வாய்விட்டுத் திட்ட முடியாது. செய்துகொண்டிருந்தது சாமி மேடை.

ரெங்கசாமி கிள்ளானில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டாத நேரமெல்லாம் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் மரத்தூளும் தானுமாக இருப்பார். மகள் தாமரையும் மருமகன் ரிஷியும் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு வாங்கி, வரும் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். சாமி படம் வைத்துக் கும்பிடும் மேடை அப்பா கையால் செய்ததுதான் வேண்டும் என்று தாமரை சொல்லிவிட்டாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தேக்கில் பெட்டி முடிந்தது, தட்டு முடிந்தது, முகப்பு வளைவு மட்டும் பாக்கி. அவ்வளவு தடித்த பலகையை வளைத்து அறுக்க பேண்ட்சா இல்லாமல் ஆகாது. இரண்டு சக்கரங்களில் நாடா மாதிரி ஓடும் அலகு அது. சரியாக அந்த நேரம் பார்த்து, சக்கரங்களைச் சுற்றியிருந்த ரப்பர் டயர்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. டயர் இல்லாத சக்கரத்தில் அலகு நிற்காது.

சாமான் கடைக்காரன் இந்த அளவெல்லாம் இப்போது யாரும் வைப்பதில்லை என்று சிரித்தான். இணையத்தில் கிடைத்தது, ஆனால் பால் காய்ச்சி வீட்டில் எல்லாரும் குடியேறிய பிறகுதான் வந்து சேருமாம். அப்புறம்தான் மச்சான் ரவிசங்கர் ஒரு வீடியோ அனுப்பினான். சிறுவர் சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்து, வால்வு இல்லாத பக்கத்தை வளையமாக எடுத்து, பசை தடவிச் சக்கரத்தில் இழுத்து மாட்டிவிட வேண்டும். வீடியோவில் இருந்தவன் சிரித்துக்கொண்டே முடித்துவிட்டான். அவனுக்கென்ன, அவன் சம்பந்தி ஃபோன் செய்யவில்லை.

ரெங்கசாமிக்குச் சம்பந்தி, ரிஷியின் அம்மா லெட்சுமி, ஃபோன் செய்தார். லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் ஒரு மேடை பார்த்தாராம், கலர் விளக்கெல்லாம் மினுக்கி மினுக்கி எரிகிறதாம், இன்று சாயங்காலத்துக்குள் சொன்னால் எடுத்துவிடலாமாம். குத்தலாகப் பேசியிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். அந்த அம்மா தங்கமாகப் பேசினார். அதுதான் ரெங்கசாமிக்குத் தாங்கவில்லை.

கீழ்ச்சக்கரம் எந்தத் தகராறும் செய்யாமல் முதல் முறையே ஒட்டிக்கொண்டது. வம்பு செய்தது மேல்சக்கரம். முதல் டியூப் எழும்பியபோது பசையைக் குறை சொன்னார். புதுப் பசை வாங்கினார். இரண்டாவது எழும்பியபோது டியூப்பைக் குறை சொன்னார். மூன்றாவதுக்கு, சக்கரத்தில் எண்ணெய்ப்பசை இருக்கும் என்று ரவிசங்கர் சொன்னதைக் கேட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினார். அதுவும் எழும்பிவிட்டது. ரவிசங்கர் மறுபடியும் ஃபோன் செய்து, சக்கரமே கோணலாக இருக்கும் மாமா என்றான். ஃபோனைப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார். அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது அவர் மனைவி புனிதா தன் கரண்டிகளைத் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். ரப்பரை நெம்பி மாட்ட அவளுடைய நல்ல கரண்டிகள்தான் போயிருந்தன. இரண்டும் வளைந்து கிடந்தன. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பசை நாற்றம் வேறு. சண்டைக்கு வாயெடுத்தவள், கீழே கிடந்த பழைய ரப்பர் வளையங்களைப் பார்த்துக் குனிந்தாள். ஒன்றை எடுத்து உட்பக்கம் திருப்பினாள். அடுத்ததையும் திருப்பினாள். பிறகு சக்கரத்தில் தொங்கிய மூன்றாவதை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, இது குங்குமமா?"

ஆமாம், சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன் என்றார் ரெங்கசாமி, இதிலென்ன கேள்வி என்பதுபோல. பேருந்துக்குப் புது டயர் மாட்டினால் பொட்டு வைக்காமல் ஓட்டியிருக்கிறாரா? அதுவும் சாமி மேடை அறுக்கிற இயந்திரம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மேல்சக்கரத்தில் ஒரு பொட்டு. ரப்பர்மேல் வைத்தால் அலகு பட்டு அழிந்துவிடும் என்று, துடைத்த இரும்பில் வைத்து அதன்மேல் பசை தடவினார்.

"தொடைச்சு தொடைச்சு முகம் பாத்தீங்க. அப்புறம் சந்தனத்த அப்பிட்டு அதுமேல பசை போட்டா எப்படிங்க ஒட்டும்?"

ரெங்கசாமி வளையங்களை வாங்கிப் பார்த்தார். மூன்றிலும் ஒரே இடத்தில் காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. பசைக்காரன், டியூப்காரன், மச்சான் என்று ஊரையே திட்டித் தீர்த்தவருக்கு இப்போது திட்ட ஆள் கிடைக்கவில்லை.

மூன்றாவது ரப்பர் கிழியவில்லை, அந்த ஓரிடம்தான் தூக்கியிருந்தது. பொட்டைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, மறுபடி பசை போட்டு இறுக்கிக் கட்டினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து பசையும் காய்ந்தது. சுவிட்சுக்குப் போன கை பழக்கத்தில் சந்தனக் கிண்ணத்துக்குப் போய், நடுவழியில் நின்றுவிட்டது. பொட்டு இல்லாமல் அவர் எதையும் ஓட்டியதில்லை. உண்மையிலேயே பயமாக இருந்தது.

புனிதா கிண்ணத்தை வாங்கினாள். சந்தனத்தைக் குழைத்து அவர் நெற்றியில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"ஓட்டுறவருக்கு வெச்சாச்சு. இப்ப போடுங்க."

போட்டார். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தேக்குக்குள் அலகு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வளைவு பிசிறில்லாமல் வந்துவிட்டது. ரெங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தூள் என்றார். அவரே சம்பந்திக்கு ஃபோன் செய்து, மேடை ரெடியாகிவிட்டது, விளக்கு மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து வரட்டும் என்று பெரிய மனதோடு சொன்னார்.

ஃபோனை வைத்துவிட்டு வளைவின்மேல் குனிந்தபோது, நெற்றியிலிருந்து வியர்வையும் சந்தனமும் சேர்ந்து ஒரு சொட்டு நடு வளைவில் விழுந்தது.

"விடுங்க, தொடைக்காதீங்க. சாமி மேடைதானே, நல்லதுதான்," என்றாள் புனிதா.

"வார்னிஷ் ஒட்டாதுலா," என்றார் ரெங்கசாமி, தின்னரைத் தேடிக்கொண்டே.