வேல்சாமியின் நகல்

வேல்சாமிக்கு வெந்நீர் அடுப்புப் புகை ஆகாது. குற்றாலத்துச் சாரலில் விறைத்துப் போய் வந்தாலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். காரணம் அவனே தேடிக்கொண்டதுதான்.

எண்பத்தேழாம் வருஷம், மேலகரத்தில் ஒரு அரிசிக் கடை மாடியில் ராமசேஷன் என்பவர் கம்பெனி நடத்தினார். பம்பாய் வேலையை உதறிவிட்டு வந்த மனிதர். கம்ப்யூட்டருக்கு வேண்டிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை நாமே எழுதினால் என்ன என்று அவருக்கு ஒரு கிறுக்கு. தென்காசியில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருந்த காலம் அது. வேலைக்கு இரண்டே பேர். டிஸ்க்கைக் கட்டி மேய்க்கும் உள்பகுதியைக் குழல்வாய்மொழி எழுதினாள். டிஸ்க் கெட்டால் பழுது பார்க்கவும் பேக்கப் எடுக்கவும் வேண்டிய கருவிகளை வேல்சாமி எழுதினான்.

இருவருக்கும் பொதுவாக ஒரு ஹெடர் ஃபைல் இருந்தது. டிஸ்க்கில் எந்தத் தகவல் எங்கே, எவ்வளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும் சின்னக் கோப்பு. குழல்வாய்மொழி அதில் கை வைத்தால் போதும், வேல்சாமியின் வேலை மொத்தமும் படுத்துவிடும்.

"உன்கூட ஒரே அடுப்புல பொங்க முடியாதும்மா" என்று அவன் அதை நகலெடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"அப்ப நான் என் பாட்டுக்கு மாத்துவேன் அண்ணே. ஒவ்வொண்ணுக்கும் வந்து சொல்லிக்கிட்டு நிக்க முடியாது."

"சொல்லவே வேண்டாம். பாத்துக்கிடுதது என் பொறுப்பு."

வாய்ச்சொல்லோடு விடவில்லை. கருவிகளை மெஷினுக்குப் புரியும்படி கம்பைல் செய்யும்போதெல்லாம் அவள் கோப்பையும் தன் நகலையும் ஒத்துப் பார்த்து, மாறியிருந்தால் திரையில் எச்சரிக்கை காட்டும்படி ஒரு நிரலும் எழுதி வைத்தான். கெட்டிக்காரன்தான், அதில் குறையில்லை.

அப்போதுதான் தங்கபுஷ்பம் டீச்சர் வந்து சேர்ந்தார். வேல்சாமிக்குப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுத்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் லீவு விட்டால் குற்றால மலையில் ஏறிவிடுவார். எந்தச் செடி எந்தப் பாறைச் சந்தில், எந்த மாசம் பூத்தது என்று அட்டை அட்டையாக எழுதி வைத்திருந்தார். இப்போது முட்டி மடங்கவில்லை, மலைப் பக்கமே போக முடியாது. அட்டைகளோ சாரல் ஈரத்தில் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் கம்பெனி மெஷினில் ஏற்றித் தருகிறேன் என்று வேல்சாமி வாக்குக் கொடுத்தான். சாயங்காலங்களில் ஏற்றினான். ஏற்றியதை அவன் வாசிக்க, டீச்சர் கையில் அட்டையை வைத்துக்கொண்டு, "ஒத்துப் பாருலே, ஒத்துப் பாரு" என்பார். ஒரு எழுத்துப் பிசகினாலும் விடமாட்டார்.

முடிந்த அன்றைக்கு வேல்சாமி பெருமையாகச் சொன்னான்: "இனிமே இதைக் காயப்போட்டுக்கிட்டு அல்லாடாதீக டீச்சர். குப்பைதான் இது."

குழல்வாய்மொழிக்கு ஒரு பழக்கம். ஹெடர் ஃபைலில் குறிப்புகளைத் திருத்துவாள், வரிகளை மேலும் கீழும் தள்ளி அழகு பார்ப்பாள். காரியத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் தினமும் எச்சரிக்கை வரும். வேல்சாமி திறந்து பார்ப்பான், வெறும் இடைவெளி மாறியிருக்கும். மறுநாளும் அதேதான். ஒருநாள் எரிச்சல் தலைக்கேறியது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கூட்டாளிகள் கீழே சைக்கிளோடு நிற்கிறார்கள், திரையில் மறுபடியும் அதே எச்சரிக்கை. அவன் அதை வராதபடி செய்துவிட்டு ஐந்தருவிக்குப் போய்விட்டான். திரும்பி வந்து சரிசெய்ய நினைத்திருந்தான். திரை சும்மா இருந்தது சுகமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டான்.

ஆடி மாசம் பெரிய டிஸ்க் வந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுத்தான் அதை வாங்கினார்கள். அதன் கொள்ளளவுக்குப் பழைய எண்கள் போதாது என்று குழல்வாய்மொழி எண் வைக்கும் இடத்தை அகலமாக்கினாள். பேசிக்கொண்டபடி யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனது. மெஷின் பாதியில் நின்றது. கரண்ட் வந்ததும் வேல்சாமி தன் பழுது பார்க்கும் கருவியை ஓட்டினான். பழைய கணக்கில் பார்த்த கருவிக்குப் புது டிஸ்க்கில் எல்லாமே கோளாறாகத் தெரிந்தது. சரிசெய்யவா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவனும் ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே இருந்தான். நல்லதையெல்லாம் அழித்து முடித்துவிட்டுத்தான் அது ஓய்ந்தது. பேக்கப் ஃப்ளாப்பிகளை எடுத்தான். ஃப்ளாப்பி விற்ற விலைக்கு, இருந்தவற்றிலேயே வாராவாரம் மேலெழுதுவதுதான் வழக்கம். கடைசி முறை எழுதியதும் அதே பழைய நகலை நம்பிய கருவி. உள்ளே ஒரு வரிகூட உருப்படியாக இல்லை.

குழல்வாய்மொழி வந்து பார்த்தாள். "இடத்தை அகலமாக்கினேனே அண்ணே. உங்க எச்சரிக்கை வரலையா?"

டீச்சரின் அட்டைகளிலிருந்து ஏற்றியதும் அதோடு போயிருந்தது. வேல்சாமி சைக்கிளை எடுத்தான்.

டீச்சர் வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்த அட்டையெல்லாம் எங்கன இருக்கு?"

"நீதானே குப்பைன்னு சொன்னே? சாரல்ல விறகு பத்தமாட்டேங்கு. அதான் தினம் ரெண்டு கட்டு வச்சேன். போன வாரத்தோட தீந்துபோச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஏற்றியதெல்லாம் அழிந்துபோனதைச் சொன்னான். குழல்வாய்மொழி மேல் ஒரு சொல் போடவில்லை. டீச்சர் அடுப்பையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இப்படி ஆகும்னு மெஷினு முன்கூட்டியே சொல்லாதா, லே?"

"சொல்லும் டீச்சர். தினமும் சொல்லிச்சு. தொந்தரவா இருக்குன்னு நான்தான் அடைச்சு வச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் வேல்சாமிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எரிந்துகொண்டிருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டு, "சரி, போ" என்றார்.

ஒரு மாசம் கழித்து அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். மேஜையில் தாள்கள் கிடந்தன. ஞாபகத்தில் இருந்ததை எழுதத் தொடங்கியிருந்தார். செண்பகாதேவி அருவிக்கு மேலே ஒரு செடி. வலதுபக்கப் பாறை என்று எழுதி, அடித்து, இடதுபக்கம் என்று எழுதி, அதையும் அடித்திருந்தார். மாசத்துக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

மேல் தாளை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"எழுதிட்டேன்லே. ஒத்துப் பாரு."

பழக்கத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வேல்சாமி தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றான். எதோடு என்று அவன் கேட்கவில்லை.