பதிவில் ஏறிய கேலி

சந்தையில் வைத்து யேரோவைத் திருடன் என்று சொன்னேன். அதில் புதுசாக ஒன்றும் இல்லை. முப்பது வருடமாக அவனைப் பார்க்கிற இடத்தில் எல்லாம் திருடன் என்றுதான் கூப்பிடுகிறேன். அவனும் என்னை அடிமை என்பான். எங்கள் கொல்லர் குலத்துக்கும் ஃபுலானி மாட்டுக்காரர்களுக்கும் கேலி முறை. எதிரே வந்தால் நாலு வார்த்தை திட்ட வேண்டும். திட்டாமல் போனால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். என் அப்பா இறந்தபோது யேரோ வந்து குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "இந்தக் கரிமூஞ்சிக் கிழவனுக்கு இவ்வளவு பெரிய வீடா? பாதி எனக்கு எழுதி வைங்க, அப்பதான் எந்திரிப்பேன்" என்று அழிச்சாட்டியம் பண்ணினான். விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்த என் அம்மா சிரித்துவிட்டாள்.

ஆனால் அந்த வியாழக்கிழமை என் தலையில், எங்கள் நாட்டுக்கு வந்திருந்த வெள்ளைக்கார ராணுவத்தின் இரும்புத் தொப்பி இருந்தது. பட்டறையை விட்டுவிட்டு அவர்களுக்கு மொழிபெயர்க்கப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆயுதத்தோடு காட்டில் பதுங்கியிருந்த காட்டுக்காரர்கள் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், கிணற்றடியில் கண்ணிவெடி வைத்தார்கள், என் தம்பி பக்காரியைப் பேருந்திலிருந்து இறக்கிச் சுட்டார்கள். அதற்குப் பிறகு இரும்பு அடித்துக்கொண்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை. முகாமில் வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவர் இருந்தார். அவரோடு சேர்ந்து சுற்ற நம் ராணுவத்து லெப்டினன்ட் தெம்பெலே இருந்தார். கேப்டனிடம் ஹெலிகாப்டர் இருந்தது, லெப்டினன்டுக்குப் பாதை தெரியும். ஒருவரை ஒருவர் துளியும் நம்பமாட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு போவேன்.

அன்று சாரே கோலா சந்தையில் எங்கள் வண்டி நின்றதும், ஆறு காளைகளை ஓட்டிக்கொண்டு யேரோ வந்தான்.

"டேய் அடிமை, யாருடா உன் தலையில இந்தச் சட்டியக் கவுத்தது? உன்ன நான் இன்னும் யாருக்கும் விக்கலையே."

"வந்துட்டான்யா திருட்டுப்பய. இந்த ஆறுல எதுடா உன்னது?"

"ஆறும் உங்கப்பன் எனக்குக் குடுத்த சீதனம். வேணும்னா குழியத் தோண்டிக் கேட்டுப் பாரு."

சுற்றி இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்ததும் எனக்கும் குஷி பிறந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. காட்டுக்காரங்களுக்குத் தலைவன் வேற எவனும் இல்ல, இவன்தான். பகல்ல பால் ஊத்துவான், பொழுது சாஞ்சா பைக்க எடுத்துருவான். இவனக் கட்டித் தூக்கிட்டுப் போங்க, ஊருக்கு விடிவுகாலம் பொறக்கும்."

சந்தையே சிரித்தது. பால் விற்கிற பெண்கள் கை தட்டினார்கள். லெப்டினன்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று கேப்டனும் புன்னகைத்தார். அவர் மார்பில் குத்தியிருந்த சின்ன கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எப்போதும் எரியும். நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை காலை முகாமுக்குள் நுழைந்ததும் கேப்டன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல வேலை, ஃபானே. உங்க ஆளத் தூக்கியாச்சு."

"எந்த ஆளு?"

அவர் ஒரு தாளை நீட்டினார். சந்தைப் பதிவைத் தங்கள் நாட்டுக்கு அனுப்பி, யாரையோ வைத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். யேரோ டிக்கோ, மாட்டு வியாபாரி, ஆயுதக் கும்பலின் தலைவன், இரவில் மோட்டார் சைக்கிளில் செல்பவன், அடையாளம் காட்டியவர் மொழிபெயர்ப்பாளர் சுமானா ஃபானே. படித்துப் பார்த்தேன். நான் சொல்லாத பழி ஒன்றைக்கூட அவர்கள் சேர்க்கவில்லை.

பிடித்தவர்களை மூன்று நாள் அவர்கள் வைத்திருப்பார்கள். பிறகு நம் ராணுவத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். அப்படிப் போனவர்களில் வீடு திரும்பியவர்கள் என்று எனக்குத் தெரிந்து இரண்டு பேர். அதில் ஒருவனுக்கு இப்போது பேச்சு வராது. செவ்வாய்க்கிழமை காலை யேரோவுக்குக் கெடு.

"கேப்டன், அது விளையாட்டுக்குச் சொன்னது. எங்களுக்குள்ள அப்படித்தான். அவன் எனக்கு முறைக்காரன்."

அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் நெற்றி சுருங்கியது. கடைசியில் லெப்டினன்டைக் கூப்பிட்டு விட்டார்.

"அன்னைக்குச் சந்தையில இது வேடிக்கைன்னு உங்களுக்குத் தோணுச்சா?"

லெப்டினன்ட் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஃபுலானி பாஷை அவ்வளவா வராது, கேப்டன்."

"நீங்க சிரிச்சீங்களே சார்," என்றேன்.

"சிரிச்ச ஞாபகம் இல்ல."

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனுஷன் தெம்பெலே குலம். முகாம் சமையல்காரன் ஜாரா குலம். இரண்டு குலத்துக்கும் அதே கேலி முறைதான். தினமும் சோற்றுத் தட்டோடு நின்று, "டேய் ஜாரா, உன் பாட்டன எங்க வீட்டுக் கொட்டிலோட வாங்கினதுடா" என்று அரை மணி நேரம் அவனை வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அடுப்படிக்குப் பின்னால் போய் அவரை மறித்தேன்.

"சார், உங்களுக்குத் தெரியாதா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சார்?"

"போன மாசம் என் சிப்பாய்ப் பையனுங்க நாலு பேர் வெடியில மாட்டுனாங்க. அவங்க ஹெலிகாப்டர் வந்துச்சு, மூணு பேர் பொழச்சாங்க. இன்னைக்கு அவங்க தாள் தப்புன்னு நான் சொல்றேன்னு வை. அடுத்த தடவை நாங்க கூப்பிட்டா ஃபோன எடுப்பாங்களா?" சிகரெட்டைக் காலால் மிதித்தார். "உன் மாட்டுக்காரனுக்காக நான் அந்த உறவ உடைக்க முடியாது, சுமானா. என்ன வேணா திட்டிக்க."

நான் திட்டினேன். அவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு மதியம் யேரோவின் மனைவி பெண்டா, ஒரு சுரைக்குடுவை நிறையப் பாலோடு என் வீட்டுக்கு வந்தாள். பாலை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடிமைப்பயலே, உன் எஜமானன உள்ள வெச்சுட்டு உனக்குச் சோறு இறங்குதா? போய்க் கூட்டிட்டு வா. நீ உள்ள இருக்கிற ஆளு. முறைக்காரி கேட்டா மறுக்கக் கூடாது, தெரியுமில்ல?"

வாய்தான் திட்டியது. கண்ணில் தண்ணீர் நின்றது. யார் வாயால் அவன் உள்ளே போனான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பாலைக் குடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கள் காலை மறுபடியும் கேப்டன் முன்னால் போய் நின்றேன்.

"ஒரே ஒரு வழிதான் இருக்கு," என்றார். "நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். வேலையில இருக்கும்போது, உண்மை இல்லைன்னு தெரிஞ்சே ஒருத்தர் மேல பழி சொன்னேன்னு. மேலிடத்துக்கு அப்படித்தான் புரியும். முறை, கேலின்னெல்லாம் எழுதினா தூக்கிப் போட்டுருவாங்க."

"எழுதிடறேன்."

"அவசரப்படாதீங்க. அதுக்கப்புறம் உங்க சாட்சி எதுவும் நிக்காது. ஹமேய உங்க ஒரு சொல்ல வெச்சுத்தான் புடிச்சு வெச்சிருக்கோம். வேற ஆதாரம் இல்ல. அவனையும் விடணும்."

ஹமேய். பேருந்திலிருந்து என் தம்பியை இறக்கிய அன்று அவன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். அதே பேருந்தின் ஜன்னல் வழியே பத்தடி தூரத்தில் பார்த்தேன். கையில் துப்பாக்கி, வாயில் கோலாக் கொட்டை. மென்றுகொண்டே சுட்டான். வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில்தான் ஒரு கிணற்றடியில் அவனை அடையாளம் காட்டினேன், அவனுக்கும் செவ்வாய் காலைதான் கெடு. பக்காரியின் பெண்டாட்டியிடம் போய், "புடிச்சாச்சும்மா" என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் தலை வாரினாள்.

"நாளைக்குக் காலையில சொன்னாக்கூடப் போதும்," என்றார் கேப்டன்.

வெளியே போய் ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தேன். என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தம்பி முகம் வந்தது. பெண்டாவின் பால் வயிற்றில் புளித்தது. யேரோ செத்தால் அவன் குழியில் போய்ப் படுக்க வேண்டியவன் நான்தானே, எந்த மூஞ்சியோடு போவேன் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன். தொப்பியைக் கழற்றி அவர் மேஜை மேல் வைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும், ஃபானே," என்றார் கேப்டன். "யேரோ எதையும் ஒத்துக்கல. மூணு நாளும் உங்க குரலத்தான் போட்டுக் காட்டினாங்க. திரும்பத் திரும்ப. அதுதான் விசாரணையே."

செவ்வாய் காலை எட்டு மணிக்கு வாசலைத் திறந்தார்கள். முதலில் ஹமேய் வந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, நின்று நிதானமாக ஒரு தடவை பார்த்தான். பிறகு சந்தைப் பக்கம் நடந்தான். பக்காரியின் பெண்டாட்டிக்கு இனிமேல் நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

பின்னால் யேரோ வந்தான். ஒரு காலைச் சாய்த்து நடந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"என்னடா திருட்டுப்பயலே, மூணு நாள் ஓசிச் சோறு தின்னு தொப்பை போட்டுருச்சு போல?"

அவன் வாயிலிருந்து ஒரு வசவு வந்தால் போதும் என்று காத்திருந்தேன். அடிமை என்று சொல்லட்டும், அப்பனை இழுக்கட்டும், செருப்பைக் கழற்றட்டும்.

யேரோ என் முன்னால் வந்து நின்றான். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"சலாம், ஃபானே ஐயா. சுகமா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"பிள்ளைங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

"அம்மா சௌக்கியமா?"

முன்பின் தெரியாதவர்களிடம் விசாரிப்பதைப் போல, ஒன்றையும் விடாமல் வரிசையாகக் கேட்டான். நானும் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும், நல்லா இருக்காங்க, நீங்க எப்படி இருக்கீங்க என்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.