வேனை விட்டு இறங்காதவள்

விடிந்ததிலிருந்தே ஜமீலாவுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. இடது கால் போலியோவில் சூம்பிப்போனது. தொடையின்மேல் கையை ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாக எடுத்துப் போட்டுத்தான் நடப்பாள். அப்படி நடந்து நடந்து, வலி காலை விட்டு இடுப்புக்கு ஏறிவிட்டது. பாயிலிருந்து எழாமலே வாய்விட்டு முனகினாள்.

முனகுவதற்குத் தனக்கென்று ஓர் அறை இருப்பதே அவளுக்குப் பெரிய விஷயம். பூந்தமல்லியில் அண்ணன் ஷஃபியுல்லா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுக்கை. அங்கே முனகினால் அண்ணி ஷம்ஷாத் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பாள்: "வேலையும் கெடையாது, வெட்டியும் கெடையாது. வலி மட்டும் எங்கேர்ந்துடி வருது ஒனக்கு?" அண்ணன் கேட்காததுபோல் பீடியைப் பற்றவைத்துக்கொள்வான்.

இந்த அறை அத்திப்பட்டில், அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டின லைன் வீடு. குமணன்சாவடியில் ஊனமுற்றவர்களுக்கு ஒரு மையம் நடந்தது. அதை நடத்திய பார்த்தசாரதி சார்தான் அறையைப் பிடித்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் மையத்திலேயே இரண்டு வருடம் மோட்டார் காயில் சுற்றக் கற்றுக்கொண்டாள். செப்புக் கம்பியைப் பிசகாமல் சுற்றி, நூலால் கட்டி, இரும்புக் கூட்டுக்குள் இறக்கும் வேலை. உட்கார்ந்தபடி செய்யலாம். கால் தேவையில்லை.

"வேலை, தனி வீடு. ரெண்டும் இருந்தாத்தான் மனுஷன் மனுஷனா வாழ முடியும்" என்பார் பார்த்தசாரதி. மூன்று மாத வாடகையை மையம் கொடுக்கும். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அறையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு வந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் வீட்டுச் சாமான் ஏற்றுகிற தட்டுவண்டிச் சத்தம் கேட்டாலே அண்ணி வீட்டு அடுப்புப் புகை அவள் மூக்கில் ஏறியது.

பக்கத்து அறையில் கோவிந்தராஜ், அவன் பெண்டாட்டி புஷ்பா. கோவிந்தராஜ் எஸ்டேட்டில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வைண்டர். கேஷுவல் ஆட்களை நிரந்தரமாக்கச் சொல்லி அங்கே ஸ்டிரைக். பந்தலில் உட்கார்ந்து கோஷம் போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அவனுக்குக் கை சும்மா இராது. ஜமீலா வாசற்படி ஏறத் திணறுவதைப் பார்த்தான். எங்கிருந்தோ அரைமூட்டை சிமெண்டைக் கொண்டுவந்து படியை உடைத்துச் சரிவாகப் பூசினான்.

"நம்ம ஊட்ல அரிசி இல்ல, இவுரு ஊரா ஊட்டுக்குக் கொத்தனாரு!" என்று புஷ்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"வேலயில்லாம கை துருப்புடிக்குது புஷ்பா. நீ ஒரு டீத்தண்ணி போடு."

"சர்க்கரைக்கு யூனியன்ல சொல்லு."

"வெல்லம் போடு. வெல்லத்துக்கு மொதலாளி பர்மிசன் தேவயில்ல."

ஜமீலா சிரித்துக்கொண்டே தன் டப்பாவிலிருந்து சர்க்கரை எடுத்துக் கொடுத்தாள். அன்றுதான் அவனை முதல்முறையாக அண்ணாத்தே என்று கூப்பிட்டாள். அவன் தங்கச்சி என்றான்.

அந்த வாரக் கடைசியில் பார்த்தசாரதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"ஜமீலா, வேலை வந்துடுச்சும்மா. ஒரே கம்பெனி, எட்டு பேரை எடுத்துக்கறாங்க. நாளைக்கே. வேன் அனுப்பறாங்க."

"வேனா சார்?"

"வீட்டு வாசல்லேயே ஏத்திக்குவாங்க. இப்பவே யார்கிட்டயும் விவரம் சொல்லிக்கிட்டு இருக்காதே. ஆர்டர் கைக்கு வரட்டும்."

எந்தக் கம்பெனி என்று அவள் கேட்கவில்லை. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் வேலை கலைந்துவிடுமோ என்று பயம். இதுவரை கேட்ட இடங்களிலெல்லாம் காலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே அனுப்பியிருந்தார்கள். கோவிந்தராஜிடம் மட்டும் வேலை கிடைத்ததைச் சொன்னாள்.

"எந்தக் கம்பெனி?"

"தெரிலண்ணாத்தே. மோட்டார் கம்பெனியாம்."

"எஸ்டேட்டுல தடுக்கி வுழுந்தா மோட்டார் கம்பெனிதான். எதுவோ ஒண்ணு, நல்லா இரு. மொத சம்பளத்துல பூந்தமல்லி பாய் கட பிரியாணி. மறந்துறாத."

தன் கம்பெனியாக இருக்கும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. அங்கே காயில் செக்ஷனில் பெண்களை விடுவதில்லை.

மறுநாள் வேனில் ஏறும்போதே அதில் மற்ற ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் மையத்து ஆட்கள். கட்டை வைத்து நடக்கிற ஜேம்ஸ் ஜன்னலோரம். ஆவடி டேங்க் ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற, காது கேட்காத, வாய் பேசாத அய்யாசாமி எதிர் ஜன்னலில். பவுடர் போட்டு, படிய வாரி, தீபாவளிச் சட்டையில் வந்திருந்தான். பார்த்தசாரதி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட் திருப்பத்தில் ஒரு போலீஸ் ஜீப் வேனுக்கு முன்னால் வந்து சேர்ந்துகொண்டது.

"மாமே, நமக்குப் போலீஸ் பந்தோபஸ்துடா!" ஜேம்ஸ் கட்டையால் தரையைத் தட்டினான். "மந்திரி கணக்கா போறோம். எவனாவது மால வெச்சிகினு நிக்கிறானான்னு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வேன் திரும்பியது. கீற்றுப் பந்தல், சிவப்புக் கொடி. பந்தலுக்குள் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். கைகள் உயர்ந்தன. கோஷம் வேன் தகரத்தில் மோதியது.

மையத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒரு வேலையை நன்றாகச் செய்து முடித்தால், காது கேட்காதவர்களுக்கும் தெரியட்டும் என்று எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டுவார்கள். அதுதான் அங்கே கைதட்டல். அய்யாசாமி ஜன்னல் வழியே பார்த்தான். இத்தனை பேர் தனக்காகக் கையைத் தூக்குகிறார்கள். அவன் எழுந்து நின்று, வாயெல்லாம் சிரிப்பாக, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

"டேய், நக்கல் காட்றான்டா!" என்று ஒருவன் கத்தினான். ஒரு கல் வேனின் பக்கவாட்டில் விழுந்தது.

"வுடாதீங்கடா கல்ல! உள்ள பாருங்கடா, கையி கால் இல்லாத ஜனம்டா!"

அந்தக் குரல் ஜமீலாவுக்குத் தெரியும். கூட்டத்தை இடித்துக்கொண்டு கோவிந்தராஜ் வந்தான். ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"நீயா?"

அவள் ஜன்னலிலிருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, எறங்கு. இது எங்க கம்பெனி. ஆள் இல்லாம மெசின் நிக்கிதுன்னுதான் மொதலாளி நாளைக்குப் பேசக் கூப்ட்ருக்கான். நீங்க உள்ள போனா நாங்க அத்தினி பேரும் செத்தோம். நீ ஒருத்தி எறங்குனா மத்தவங்களும் எறங்கிடுவாங்க. படி ஒசரம், கைய குடு." வேன் கதவு பாதி திறந்திருந்தது. அவன் கையை உள்ளே நீட்டினான். சிமெண்ட் அரித்த தோல் இன்னும் ஆறாத கை.

ஜமீலா முன்னால் திரும்பினாள். "சார், இது ஸ்டிரைக்கு கம்பெனியா?"

பார்த்தசாரதி திரும்பாமலே பேசினார். "அது அவங்க சண்டைம்மா. உங்க எட்டு பேரையும் இத்தனை வருஷமா எவன் சீண்டினான்? இந்த யூனியன் என்னிக்காவது உங்களுக்காக ஒரு கொடி பிடிச்சுதா? இறங்கறவங்க இறங்கலாம். நான் தடுக்கல. ஆனா அடுத்த வேலைக்கு என்கிட்ட வராதீங்க."

ஜேம்ஸ் கட்டையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான். வேன் முழுக்க அவளைப் பார்த்தது, அய்யாசாமியைத் தவிர. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

யூனியன் கொடி பிடிக்கவில்லை என்பது நிஜம். ஆனால் கையை நீட்டி நிற்பது யூனியன் அல்ல, கோவிந்தராஜ் என்பதும் நிஜம். இரண்டும் அவளுக்குத் தெரியும். இறங்கினால் மாதக் கடைசியில் அண்ணி வீட்டு அடுப்படி. அதுவும் தெரியும். அவள் இறங்கவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். போலீஸ்காரன் லத்தியால் கோவிந்தராஜின் தோளைத் தள்ளினான். கதவு மூடியது. வேன் உள்ளே போனது.

சூப்பர்வைசர் பரந்தாமன் அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். "கோவிந்தராஜ் எடம் இது. நல்ல வெளிச்சம். கெட்டிக்காரன்தான், வாய்தான் சரியில்ல." முதல் நாளே அவள் காயில் சுத்தமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் முதலாளி சுற்றிப் பார்க்க வந்தார். பார்த்தசாரதியிடம் அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது: "நல்ல செலக்‌ஷன் சார். பாதிப் பேர் பேச மாட்டான். மீதிப் பேர் ஓட மாட்டான். வெளியில இருக்கறவன் அடிக்கவும் மாட்டான்." பார்த்தசாரதி சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார். ஆனால் சிரித்தார்.

அதேதான் நடந்தது. ரவுடிகளைக் கூட்டிவந்திருந்தால் ஸ்டிரைக் செய்கிறவர்கள் மோதியிருப்பார்கள். நொண்டியின் மேல், ஊமையின் மேல் கை வைத்தால் ஊர் காறித்துப்பும். தினமும் வேன் போகும்போது ஒதுங்கி நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் பந்தல்வரை கேட்டது. ஒவ்வொருவனாகப் பந்தலை விட்டுக் கழன்றான்.

லைன் வீட்டில் குழாயடியில் ஜமீலா குடத்தை வைத்தால் புஷ்பா தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் போகவில்லை. நின்று, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்:

"ஒரு காலத்தான் சாமி சூம்ப வெச்சான்னு நெனச்சேன். இன்னொண்ணு கருங்காலின்னு தெரியாம போச்சே!"

ஜமீலா நிரம்பாத குடத்தோடு உள்ளே வந்தாள்.

ஸ்டிரைக் ஒன்றும் கிடைக்காமல் முடிந்தது. எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வேனை மறித்ததாகச் சொல்லப்பட்ட சிலரைத் தவிர. அவர்கள்மேல் விசாரணை. கோவிந்தராஜ்மேல் குற்றச்சாட்டு: ஊனமுற்ற பெண்ணை வேனிலிருந்து இழுக்கப் பார்த்தான். ஜமீலாவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வக்கீல், பரந்தாமன், எதிரே கோவிந்தராஜ். துவைத்த சட்டை போட்டிருந்தான்.

"இவர் வேனுக்குள்ள கையை விட்டாராம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"வுட்டாரு."

"உன்னை வெளியில வரச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"பயந்தியா?"

ஜமீலா கோவிந்தராஜைப் பார்த்தாள். அவன் எதையும் கேட்கிற முகமாக இல்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்கிற முகம். பயந்தாள்தான். கல்லுக்கு, போலீஸுக்கு, அண்ணி வீட்டுக்கு. அவன் கைக்குப் பயப்படவில்லை. அதை அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பயந்தேன்" என்றாள்.

பரந்தாமன் மின்விசிறியை ஒரு சுற்று கூட்டிவைத்தார். விசாரணை முடிந்தது. கோவிந்தராஜுக்கு வேலை போனது.

பழைய ஆட்கள் உள்ளே வந்ததும் மையத்து ஆட்களுக்கு இடம் இல்லை என்றார்கள். ஜேம்ஸ் முதலாளியின் தாயிலிருந்து தொடங்கி எல்லோரையும் வாய்நிறையத் திட்டிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு போனான். அய்யாசாமிக்குப் புரியவைக்க யாரும் மெனக்கெடவில்லை. மறுநாளும் ஆவடியிலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டில் நின்றான். வாட்ச்மேன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அதற்கடுத்த நாளும் வந்தான். ஒரே ஒரு ஆளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மையத்து ஆண்டுவிழாவில் ஊனமுற்றோருக்கு வாழ்வளித்தவர் என்று முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாக ஏற்பாடு. மேடையில் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டுமல்லவா. அது ஜமீலா. நின்றாள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

கோவிந்தராஜ் அறையைக் காலி செய்தான். எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியும் அவனை எடுக்கவில்லை. எங்கே போனாலும் பேர் முன்னாலேயே போயிருந்தது. சென்னீர்குப்பம் பக்கம் செங்கல் லாரியில் லோடு ஏற்றப் போவதாகச் சொன்னார்கள். தட்டுவண்டியில் சாமான் ஏற்றியபோது ஜமீலா வாசலுக்கு வந்தாள். புஷ்பா அவளைப் பார்க்காமல் அடுப்பைக் கோணியில் சுற்றினாள்.

"அண்ணாத்தே, நான் எறங்கியிருந்தாலும் அவன் வேற ஆள ஏத்திகினு வந்திருப்பான்."

"ஆமா, வந்திருப்பான்." கோவிந்தராஜ் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "ஆனா நீ எறங்கல. ஆபீஸ் ரூம்புலயும் எறங்கல."

"நான் இன்னா செய்யணும் இப்போ? சொல்லு, செய்யிறேன்."

"இன்னா செய்வ? வேலைய வுட்டுட்டுப் போவியா?"

அவள் அவன் பூசிய சரிவைப் பார்த்தாள்.

"போக மாட்ட. போவாத. போனா அதுக்கும் ஒருத்தன் வருவான். குந்திகினு காயில் சுத்து."

"வா, இவகிட்ட இன்னா பேச்சு?" என்றாள் புஷ்பா. வண்டி கிளம்பியது.

மறுநாள் இடுப்பு வலியோடு ஜமீலா வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். பிறகு நிரந்தரமானாள், அறை வாடகையைத் தானே கட்டினாள், அண்ணன் வீட்டுக்குப் பெருநாளைக்கு மட்டும் விருந்தாளியாகப் போனாள். ஷம்ஷாத் நாற்காலி எடுத்துப் போட்டாள். மையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பார்த்தசாரதி அவளைத்தான் காட்டுவார்.

கோவிந்தராஜிடமிருந்து எடுத்த ஒரு வேலையை ஜமீலா அவனுக்குத் திருப்பித் தரவேண்டும். இன்னும் தரவில்லை.